மலைநாட்டு மோட்டாரும் பெற்றோல் பம்பும்

நோய் இன்னதென அறிந்து, அது தோன்றிய காரணத்தையும் அறிந்து, அதன்பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று மருத்துவனுக்கு முறை வகுத்தார் திருவள்ளுவர். அம்முறை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் ஆக்கிய இயந்திரங்களுக்கும் முற்றும் பொருந்துவதாகும். இவ்வுண்மையைக் கல்லூரி வகுப்பறையிலே ஏட்டளவில் கற்றோம். அதனை உள்ளத்தில் பதியவைத்ததோ, ஊவா மலைநாட்டிலே நள்ளிரவில் நின்றுபோன ஒரு பழைய மோட்டார் வண்டி.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு அன்பர்கள் பணித்தபோது, சமயமும் இலக்கியமும் பற்றி எழுதவல்ல பழைய மாணவர் பலர் இருக்க, நாம் எழுதத்தக்கது யாதெனச் சிந்தித்தோம். பதுளைப் பகுதித் தோட்டங்களிலே நெடுங்காலம் தொழில் செய்தவர் நாம். பழைய வண்டிகளோடு பழகிய அநுபவத்தையே எழுதுவதென முடிவு செய்தோம். பொறியியல் பயிலும் மாணவருக்கும், பழைய மோட்டார் ஒன்றை வீட்டிலே வைத்துப் பேணிவரும் அன்பருக்கும் இது ஒருவாறு பயன்படுமென நம்புகின்றோம்.

ஊவாவும் பழைய வண்டிகளும்

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டில். ஆயினும் நிலையத்திலிருந்து தோட்டங்களுக்குச் செல்லத் தெருவே கதியாயிற்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, வெலிமடை, பூனாகலை ஆகிய இடங்களுக்குச் செல்லும் பாதைகள் எல்லாம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவன. அப்பாதைகளில் ஒரு காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன், லான்ட் றோவர் முதலிய ஆங்கில வண்டிகளே பெரும்பாலும் ஓடின. 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் நாடு திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் கைமாறிக் கைமாறிக் கிளாக்கர்மார், ஆசிரியர், கடைக்காரர் ஆகியோரிடம் வந்துசேர்ந்தன. 1977ஆம் ஆண்டு வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடும் அவ்வண்டிகளைக் கைவிடாது பேணும் கட்டாயத்தை உண்டாக்கிற்று.

வரலாறு திரும்பவும் வந்தது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022ஆம் ஆண்டு வந்த எரிபொருட் பஞ்சத்தை யாரும் மறந்திரார். அவ்வாண்டு யூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் இலீற்றர் ஒன்று 470 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலைக்கும் கிடைத்தற்கு அரியதாயிற்று. பல பழைய வண்டிகள் மாதக்கணக்கில் கொட்டகைகளிலே கிடந்தன. பின்னர் அவற்றை உயிர்ப்பிக்க முனைந்தோர் பலர் முதலிற் கண்ட நோய் பெற்றோல் பம்பின் நோயே. அதன் காரணம் கீழே விளங்கும்.

அந்த இரவு

பல்லாண்டுகளுக்கு முன் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே நாம் இருந்தோம். எம்மிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. ஐப்பசி மாத மழை. இரவு பதினொரு மணியளவில் லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவர் மனைவிக்குப் பேறுகால வேதனை. குழந்தை குறுக்கே கிடப்பதாக மருத்துவிச்சி கூறிவிட்டார். தோட்டத்து லொறியோ பழுதாகிக் கிடந்தது. உடனே புறப்பட்டோம். பசறையைக் கடந்து பதுளையை நோக்கி வரும் வழியில், ஓர் ஏற்றத்திலே, வண்டி இரண்டு முறை குலுங்கி ஓய்ந்துவிட்டது.

எமக்கு முதலில் தோன்றியது, மழையினால் மின்பொறி கெட்டதென்பதே. பிளக்குகளைக் கழற்றினோம், துடைத்தோம், பூட்டினோம். வயர்களைத் துடைத்தோம். மீண்டும் பிளக்குகளைக் கழற்றினோம். பின் ஆசனத்திலிருந்து எழுந்த முனகல் ஒலி எம் கைகளை நடுங்கச் செய்தது. “ஐயா, இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?” என்று அவள் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார், அதன்பின் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழிந்தது. அவ்வழியே தேயிலை ஏற்றிய லொறி ஒன்று வந்து நின்றது. அதன் சாரதி இறங்கிவந்து கேட்ட முதற் கேள்வி இது: “சாவியைப் போடுங்க ஐயா. டிக் டிக்குனு கேக்குதா?”

சாவியைத் திருப்பினோம். ஒலி ஏதும் இல்லை. அவர் பொனற்றின் கீழ்க் கைவிட்டு, ஸ்பனரின் பிடியால் பம்பின் உடலை மெல்லத் தட்டினார். டிக், டிக், டிக் என்று அது உயிர்பெற்றது. எஞ்சின் இயங்கிற்று. பதுளை மருத்துவமனையை அடைந்தோம். சத்திர சிகிச்சை நடந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் அந்த முக்கால் மணி நேரம் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. ஏனெனில், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அப்பம்பின் ஒலி சில காலைகளில் தடைப்பட்டு வந்ததை நாம் கேட்டிருந்தோம். நேரமில்லை எனப் பிற்போட்டோம். குற்றம் பம்பின்மீதன்று, எம்மீதே.

பம்பு செய்யும் தொழில்

மோட்டார் வண்டியின் பெற்றோல் தாங்கி பின்புறத்தில் தாழ்வாக இருப்பது. காபுரேற்றரோ முன்புறத்தில் எஞ்சினோடு உயரத்தில் இருப்பது. தாழ்விலுள்ளதை உயரத்துக்குக் கொணர ஒரு கருவி வேண்டும். அதுவே பெற்றோல் பம்பு. பழைய வண்டிகளில் அது இருவகைப்படும்.

முதல்வகை மின்பம்பு. மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. பம்பு இவ்வகையினது. அதனுள்ளே மின்காந்தச் சுருள் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் மின்னோட்டம் சுருளிற் பாய, அது ஓர் இரும்புத் தட்டை இழுக்கும். அத்தட்டோடு இணைந்த டயபிறம் என்னும் மென்படலம் பின்வாங்க, உள்வால்வு திறந்து பெற்றோல் உள்ளே வரும். தட்டு எல்லையை அடைந்தவுடன் பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் விலகி மின்னோட்டம் அறும். அப்போது வில்சுருள் படலத்தை மறுபுறம் தள்ள, உள்வால்வு மூடி வெளிவால்வு திறந்து பெற்றோல் காபுரேற்றருக்குச் செல்லும். முனைகள் மீண்டும் தொடும், மீண்டும் இழுப்பு. டிக் என்னும் ஒலி ஒவ்வொன்றும் இச்சுற்றின் ஒரு முறையே. காபுரேற்றரின் மிதவை அறை நிறைந்ததும் ஊசிவால்வு மூடிக்கொள்ளும். பெற்றோல் போகுமிடமின்றிப் பம்பு தானே ஓய்ந்து காத்திருக்கும். ஆதலின், எஞ்சின் இயங்குமுன் சாவியைத் திருப்பினால் சில ஒலிகள் விரைவாகக் கேட்டுப் பின் அமைதி நிலவுவதே நற்சுகத்தின் அடையாளம்.

இரண்டாம்வகை இயந்திரப் பம்பு. ஹில்மன் வண்டியிலும், 1958ஆம் ஆண்டு முதல் வந்த இரண்டாம் வரிசை லான்ட் றோவரிலும் உள்ளவை இவ்வகையின. எஞ்சினுள் சுழலும் கம் தண்டின் மேடு ஒரு நெம்பை அசைக்க, நெம்பு படலத்தை இழுக்கும். வில்சுருள் அதைத் திருப்பித் தள்ளும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் சுழன்றாலன்றிப் பெற்றோல் வாராது.

பழுதறியும் முறை

வண்டி நின்றுவிட்டால் முதலில் அறியவேண்டியது, குறை மின்பொறியிலா, பெற்றோலிலா என்பதே. அவ்விரவில் நாம் செய்யத் தவறியது இதுவே. எஞ்சினைச் சற்று ஆறவிட்டு, காபுரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி அதன் முனையை ஒரு போத்தலினுள் பிடித்துக்கொள்க. மின்பம்பாயின் சாவியைத் திருப்புக. இயந்திரப் பம்பாயின் கைநெம்பு இருந்தால் அதை அசைக்க, இல்லையேல் எஞ்சினைச் சுழற்றுக. பெற்றோல் தாராளமாகப் பாய்ந்தால் பம்பு குற்றமற்றது. ஊசிவால்வையோ மின்பொறியையோ ஆராய்க. பாயாவிடின் குறை பம்பிலோ, அதற்குப் பின்னுள்ள குழாயிலோ, தாங்கியிலோ உள்ளது. இதைச் செய்யும்போது சுருட்டு, தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு ஆகியன அருகே வரலாகாது.

மின்பம்பு பேசும் மொழி அதன் ஒலியே. அம்மொழியை நால்வகையாகப் பிரித்துக் கூறலாம்.

ஒலியே இல்லையாயின், பம்புக்கு மின்னோட்டம் வருகின்றதா என ஒரு சிறு பல்பைக் கொண்டு பார்க்க. வயரை உரசிப் பொறி பறக்கச் செய்து பார்ப்பது சிலரின் வழக்கம். பெற்றோல் ஆவி உள்ள இடத்தில் அது உயிருக்கே தீங்காகும். மின்னோட்டம் வந்தால், பம்பின் உடலிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் புவித்தொடுப்பு வயரைப் பார்க்க; மலைநாட்டு ஈரத்தால் அதன் முனை துருவேறித் தளர்தல் மிகச் சாதாரணம். அதுவும் சரியெனில் பொயின்ற்றே கருகியிருக்கும். மெல்லத் தட்டினால் சிறிது தூரம் ஓடும். ஆனால் அது மருந்தன்று, முதலுதவியே. வீடு சேர்ந்தபின் மூடியைக் கழற்றி, முனைகளுக்கிடையே தடித்த கடதாசித் துண்டொன்றை வைத்து இழுத்துத் துடைக்க. குழி விழுந்திருந்தால் மாற்றுக.

ஒலி மெதுவாகக் கேட்டுப் பின் நின்றால், இழுக்கும் பக்கத்தில் அடைப்பு இருக்கலாம். உட்குழாயைக் கழற்றியதும் பம்பு உற்சாகத்தோடு இயங்குமாயின் அடைப்பு குழாயிலோ தாங்கியிலோ உள்ளது. தாங்கியின் மூடியைத் திறந்துவைத்து, குழாய் வழியே சைக்கிள் பம்பினாற் காற்றைப் பின்னோக்கி ஊதலாம். காற்றைப் பெற்றோல் பம்பினூடாக மட்டும் ஊதலாகாது, வால்வுகள் கெடும்.

ஒலி ஓயாது விரைவாகக் கேட்டும் பெற்றோல் வாராவிடின், முதலில் தாங்கியில் பெற்றோல் உண்டா எனப் பார்க்க. நகைக்கவேண்டாம், அளவுகாட்டி பொய் சொல்லும் பழைய வண்டிகள் பல. பெற்றோல் இருப்பின், இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்றுப் புகுகின்றது. வெளிக்குழாயின் முனையைப் பெற்றோல் உள்ள போத்தலில் அமிழ்த்தினால், இடைவிடாது குமிழி எழும். இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்குக.

எஞ்சின் ஓடாதிருக்கவும் சில நொடிகளுக்கொருமுறை ஒலி கேட்டுக்கொண்டே இருந்தால், ஒன்று உள்வால்வு சரியாக மூடவில்லை, அன்றேல் காபுரேற்றர் வழிகின்றது. மூக்கு இதற்கு விடை கூறும். பெற்றோல் மணம் எழுந்தால் உடனே சாவியைத் திருப்பி நிறுத்துக.

படலத்தை மாற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. தட்டை முழுவதும் திருகி உட்செலுத்தி, உள்ளே மெல்ல அழுத்தியபடி சிறிது சிறிதாகத் திருப்பித் தளர்த்தி வந்தால், ஓரிடத்தில் பொயின்ற் துள்ளி மாறும். அங்கிருந்து மேலும் மூன்றில் இரண்டு சுற்று, அதாவது ஆறு திருகாணித் துளைகளில் நான்கு துளையளவு, தளர்த்தவேண்டும். இதைக் கவனியாது பூட்டிய பம்பு ஒருநாள் ஓடி மறுநாள் ஓயும்.

இயந்திரப் பம்பில் முதலிற் பார்க்கவேண்டியது கண்ணாடிக் கிண்ணமும் வலையும். கிண்ணத்தின் கீழே நீர் முத்து முத்தாகத் தேங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். கிண்ணத்தின் தக்கை வளையம் காய்ந்து வெடித்தால் காற்றுப் புகும். கைநெம்பு தளர்ந்து ஆடினால் பம்பு கெட்டதெனத் துணியவேண்டாம். கம் தண்டின் மேடு நெம்பைப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் அசைக்க. பெருந்தீங்கு விளைப்பது கிழிந்த படலம். அதன் வழியே பெற்றோல் எஞ்சினுள் இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அளவுகோலை எடுத்து முகர்ந்து பார்த்தால் பெற்றோல் மணக்கும். எண்ணெய் மட்டமும் காரணமின்றி உயர்ந்திருக்கும். அத்தகைய வண்டியை ஒரு மைலும் ஓட்டலாகாது.

மலை தரும் நோய்

சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் நிற்பதேன்? பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளை ஏறத்தாழ 1220 மீற்றர். ஹாலிஎலையிலிருந்து தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் எஞ்சின் நெடுநேரம் முழுவலுவோடு உழைப்பதால் பெற்றோலை மிகுதியாகக் குடிக்கும். சமவெளிக்குப் போதுமான நலிந்த பம்பு அதற்கு ஈடுகொடாது. மிதவை அறை வறண்டுவிடும். சற்று நின்றால் அறை மீண்டும் நிறையும். வண்டி மீண்டும் சிறிது தூரம் ஏறும். இவ்வாறு நின்று நின்று ஏறும் வண்டிக்கு வில்சுருள் தளர்ச்சியோ வலையடைப்போ உண்டென அறிக.

இன்னொன்று ஆவியடைப்பு. பம்பு பெற்றோலை இழுக்கின்றது என்கின்றோம். உண்மையில் அது வெற்றிடம் உண்டாக்க, தாங்கியின் மேலுள்ள காற்றின் அமுக்கமே பெற்றோலைத் தள்ளுகின்றது. 1643ஆம் ஆண்டில் இத்தாலியரான தொரிசெல்லி இரசம் நிரப்பிய குழாயால் காற்றின் அமுக்கத்தைக் காட்டினார். 1648ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் வேண்டுகோளின்படி அவர் மைத்துனர் பெரியே, புய் த டோம் என்னும் மலைமீது இரசக் குழாயைச் சுமந்து ஏறி, மேலே செல்லச் செல்ல இரசம் தாழ்வதைக் கண்டார். அம்மலையின் உயரம் 1465 மீற்றர். எம் அப்புத்தளையின் உயரமோ ஏறத்தாழ 1430 மீற்றர். ஆகவே பெரியே மலையுச்சியிற் கண்டதை அப்புத்தளைக் கடைவீதியில் நிற்கும் எவரும் காணலாம். அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவு. அமுக்கம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பலாங்கொடை வெயிலில் சூடேறிய வண்டி பெரகலைக்கும் அப்புத்தளைக்கும் ஏறும்போது, இழுகுழாயிலும் பம்பிலும் உள்ள பெற்றோல் ஆவியாகின்றது. பம்பு ஆவியை வீணே அசைத்துக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து பொறுமை. பொனற்றைத் திறந்து, பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணியைப் போர்த்தி, அரைமணி நேரம் மலைக்காட்சியைக் கண்டு மகிழ்க. மின்முனைகளில் நீர் படாதவாறும், சூடேறிய இரும்பில் நீர் தெறியாதவாறும் காத்துக்கொள்க. புகைபோக்கிக்கு அருகே செல்லும் குழாயை விலக்கி அமைத்தல் நிலையான பரிகாரம்.

ஆவியடைப்பைப் போலவே நடிக்கும் வேறொரு குறை உண்டு. தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கியினுள் வெற்றிடம் தோன்றிப் பெற்றோலைப் பிடித்துவைக்கும். வண்டி சில மைல் ஓடி நிற்கும். ஓய்ந்தபின் மீண்டும் ஓடும். நின்றவுடன் மூடியைத் திறக்க. உஸ் என்று காற்று உட்புகும் ஓசை கேட்டால் நோய் அதுவே. ஓர் ஊசியால் தீரும் நோய்க்குப் புதுப் பம்பு வாங்கியோரை நாம் அறிவோம்.

கிடந்த வண்டியும் புதுப் பம்பும்

2022ஆம் ஆண்டிற் கிடந்த வண்டிகளுக்கு வருவோம். நெடுநாள் தேங்கிய பெற்றோல் தன் மென்பகுதியை ஆவியாக இழந்து, பிசினாகத் திரண்டு, வால்வுகளை ஒட்டவைக்கும். ஈரமற்ற படலம் விறைத்து வெடிக்கும். குறைநிலையில் இருந்த தாங்கியினுள் பனிக்காலக் காற்றின் ஈரம் நீராகப் படிந்து துருவை விளைக்கும். கலன்களிற் சேமித்த பெற்றோலோடு தூசியும் நீரும் உட்சென்றன. ஆதலின் அத்தகைய வண்டியை இயக்குமுன் பழைய பெற்றோலை முற்றாக வடித்து, தாங்கியைக் கழுவி, வலையையும் கிண்ணத்தையும் துடைத்து, படலத்தைச் சோதித்தபின்னரே புதுப் பெற்றோல் ஊற்றவேண்டும். நீர் பெற்றோலினும் கனமானது; இரவு முழுதும் அசையாது நின்ற வண்டியில் அது தாங்கியின் அடியிற் படிந்திருக்கும். அதிகாலையில், வண்டியை அசைக்குமுன், வடிதிருகைத் திறந்தால் நீரே முதலில் வெளிவரும்.

பழைய பம்பு கிடையாதபோது, புதிய வண்டியொன்றிலிருந்து கழற்றிய பம்பைப் பொருத்துவோர் உளர். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காபுரேற்றர் வண்டிக்குச் சதுர அங்குலத்துக்கு மூன்று இறாத்தல் அளவு அமுக்கமே போதும். பெற்றோலைப் பீச்சும் முறையில் அமைந்த புதிய வண்டிகளின் பம்போ ஏறத்தாழ நாற்பது இறாத்தல் அமுக்கத்தைத் தருவது. அதைப் பழைய வண்டியிற் பொருத்தினால் ஊசிவால்வு தாங்காது, பெற்றோல் சூடான எஞ்சின்மேல் வழியும், வண்டி தீக்கிரையாகும். பழைய பம்பின் உருவிலேயே, பொயின்ற்றுக்குப் பதிலாக மின்னணுச் சாதனம் பொருத்திய பம்புகள் இப்போது கிடைக்கின்றன. அவையே தக்கவை.

முடிவுரை

மாணவ அன்பர்களே, இக்கட்டுரையிற் கூறிய வித்தை பெரிதன்று. ஓர் ஒலியைக் கேட்பது, ஒரு குழாயைக் கழற்றிப் பார்ப்பது, ஒரு மூடியைத் திறப்பது, அவ்வளவே. ஆயினும் எதை முதலிற் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்னும் ஒழுங்கு தெரியாதவன், கையில் எத்தனை கருவி இருந்தாலும் இருட்டில் நிற்பவனே. அந்த லொறிச் சாரதி பள்ளியிற் கற்றது எவ்வளவோ நாம் அறியோம். எமக்குத் தெரிந்த பௌதிகம் அவருக்குத் தெரிந்திராது. ஆனால் அவர் முதலிற் கேட்டார், பின்னரே தொட்டார். நாமோ கேளாமலே தொட்டோம்.

மறுநாட் காலையில் அப்பம்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பொயின்ற் கருகியிருந்தது. ஒரு துண்டுக் கடதாசியும் பத்து நிமிட நேரமும் போதுமாயிருந்தன. அன்று தொடக்கம், வண்டியிற் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பேச்சை நிறுத்திச் செவிகொடுப்பது எம் வழக்கமாயிற்று. அவ்வண்டி இன்றும் எம்மிடமே உண்டு. அதன் டிக் டிக் ஒலி கேட்டு ஓய்ந்தபின்னரே எஞ்சினை இயக்குகின்றோம்.